மேகம் அனுப்பியவனும் லொகேஷன் கேட்டவனும்

அன்று முடிச்சூரில் உஷாவின் மாடி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான். வீட்டுக்காரி உஷா, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். எஸ்தர், ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. கன்னியம்மா, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர்; கதையைப் படிக்க மாட்டார், இயர்போனை மாட்டிக்கொண்டு ஆடியோவில் கேட்பார். நித்யா, ஜிஎஸ்டி ரோட்டு மருந்துக் கடையில் பில் போடுகிற பெண், இரும்புலியூர்க்காரி. அப்புறம் நான். கடைசியில் வந்து சேர்ந்தவன் பிரபு. அவனை யாரும் கூப்பிடவில்லை.

நம் தளத்தில் புதிதாகத் தொடர்கதை எழுத வந்திருக்கிற நீங்கள், குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். ஹீரோ எவ்வளவு பொசசிவாக இருக்கலாம், அக்கா? வாசகிகள் அப்படித்தானே கேட்கிறார்கள், நாம் எழுதினால் தப்பா? ஒருத்தி தப்பு என்கிறாள், ஒருத்தி கதைதானே என்கிறாள், ராத்திரி முழுக்க மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. நான் எழுதுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. எட்டாவதோடு பள்ளியை விட்டு ஏற்றுமதித் துணி கம்பெனியில் காலர் தைக்கப் போனவள். கொள்கையாகப் பேச எனக்கு வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பிரயோஜனப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது என்னுடைய மழைநாட்டு இளவரசன் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஹீரோ பெயர் முகிலாதித்தன். பூமியிலிருந்து ஒரு பெண் தவறி அவன் நாட்டுக்குள் போய்விடுவாள். அவளை அவன் விடவே மாட்டான். அவள் எங்கே போனாலும் அவள் தலைக்கு மேலே கைக்குட்டை அளவுக்கு ஒரு குட்டி மேகம் கூடவே போகும். அந்த மேகம் வழியாக அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வேறு யாராவது அவளோடு சிரித்துப் பேசினால் மேகம் கறுத்து உறுமும். இவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் வாசகிகள் உயிரை விட்டார்கள். உஷா முதல் எபிசோடுக்கே, எங்கள் பேச்சில் எபிக்கே, கமென்ட் போட்டாள்: "அக்கா, அந்த மேகத்தை முடிச்சூர் பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க. எங்களுக்கு ஒரு தடவை வெள்ளம் வந்ததே போதும்."

எனக்கு அவன் எங்கிருந்து வந்தான் என்று தெரியும். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் காஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். மகள் ரயில் ஏறினால் அவள் இறங்கி மெசேஜ் போடும்வரை எனக்குச் சோறு இறங்காது. மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள், எல்லாருக்காகவும் கவலைப்படுகிற வேலை என்னுடையதாகவே இருந்தது. நான் தாமதமாக வந்தால் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, சாப்பாடு எங்கே என்று. எனக்காக ஒருத்தன் வாசலைப் பார்த்துக்கொண்டு, கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி யோசித்தபோது வந்தவன்தான் முகிலாதித்தன். கமென்டில் இதயம் போட்ட அத்தனை பேர் வீட்டிலும் கவலைப்படுகிற வேலை அவர்களுடையதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உஷா வீட்டில் கூடியது வாசகிகளின் ஏற்பாடு. கதையில் நாயகி ஆசைப்பட்டுச் சாப்பிடுவதைச் செய்து எடுத்துக்கொண்டு வருவது எங்கள் வாசகிகள் பழக்கம். மழைநாட்டில் மசாலா பொரி கிடைக்காமல் அவள் ஏங்குவதாக எழுதியிருந்தேன். உஷா ஒரு குண்டான் நிறைய மசாலா பொரி கலந்து வைத்திருந்தாள். கன்னியம்மா மட்டும் ஒரு டப்பா வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார்.

"கதையில மீனே வரலையே, கன்னியம்மாக்கா," என்றாள் எஸ்தர்.

"அதான் எடுத்தாந்தேன். பாவம் அந்தப் பொண்ணு, அறுபது எபியா மேகத்துல குந்திகினு பொரியே துன்னுகினு கீது. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது நித்யாவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. அது நிற்கவில்லை. டீப்பாய் மேலே தானாக நகர்ந்து பொரிக் குண்டானில் போய் முட்டியது.

"யாருடி அது? எடுத்துப் பேசேன்," என்றாள் உஷா.

"அவருதான்க்கா. லொகேஷன ஆஃப் பண்ணிட்டேன். அதான்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அவள் அம்மா வயது. ஆனாலும் எங்கள் வாசகிகளுக்கு எழுதுகிறவள் எப்போதும் அக்காதான். "ரைட்டர்க்கா, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னுதான் வந்தேன். நாளைக்குக் கல்யாணக் கார்டு பிரின்டுக்குக் குடுக்கப் போறாங்க. இன்னிக்கு சாயங்காலம் அம்மாகிட்ட இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

பொரி தின்கிற சத்தம் நின்றுபோனது.

நிச்சயம் ஆகி இரண்டு மாதம். மாப்பிள்ளை பிரபு, ஏசி சர்வீஸ் செய்கிறவன். ஆரம்பத்தில் அதிகம் பேசாமல் நல்லவனாக இருந்தானாம். அப்புறம் லொகேஷன் ஷேர் பண்ணச் சொன்னான். கடைக்கு மருந்துப் பெட்டி கொண்டுவருகிற பையன் இவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்துவிட்டு, எதிரே பைக்கை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றான். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். அந்த வேலையே வேண்டாம் என்று இவன் சொல்ல ஆரம்பித்தான்.

"போன வாரம் சொல்றாரு, 'நீ மூச்சு விட்டாக்கூட அது எனக்குத் தெரியணும்'னு. எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சுக்கா. அது உங்க டயலாக்."

என் டயலாக்தான். முகிலாதித்தன் சொல்லி ஒரு எபி முடியும். அந்த வரியை எத்தனையோ பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லிடு," என்றார் கன்னியம்மா. "என் கடையாண்ட வந்து மொறைச்சுகினு நின்னிருந்தான்னா, செதில் சீவுற கத்திய காட்டியிருப்பேன்."

உஷாவுக்குத்தான் ஆறவில்லை. "ஏன்டி, முகிலாதித்தன் மாதிரி ஒருத்தன் கெடைச்சா வேலையக்கூட விட்டுட்டு மேகத்துல குடியேறிடுவேன்னு நீதானே கமென்ட் போட்ட?"

"போட்டேன்தான். அது வேற."

"என்ன வேற?"

நித்யா என் பக்கம் திரும்பினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அறுபது எபி எழுதியவள், எனக்கும் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி வாசலில் தினமும் சாயங்காலம் ஒருத்தன் மனைவிக்காகக் காத்து நிற்பான். மழையானாலும் வருவான். நாங்கள் எல்லாரும் அவள் கொடுத்துவைத்தவள் என்று பெருமூச்சு விட்டிருக்கிறோம். ஒரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று கேட்க அவள் போனும் அவளிடம் இல்லை. அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் அவனை விடச் சொல்லி, ஒரு நல்லவனை இந்தப் பெண் இழந்துவிட்டால்? நான் கட்டிக்கொள்ளச் சொல்லி, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பக்கமும் எனக்குப் பள்ளமாகத்தான் தெரிந்தது. அப்போதுதான் காலிங் பெல் அடித்தது.

உஷா கதவைத் திறந்தாள். ஏசி கம்பெனி சட்டை, கையில் ஹெல்மெட், முகமெல்லாம் வியர்வை. உள்ளே எட்டிப் பார்த்து, நித்யா சோபாவில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் கதவு நிலையில் சாய்ந்து மூச்சு விட்டான். அந்த மூச்சு எனக்குப் பழக்கமான மூச்சு. மகள் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் நான் விடுகிற மூச்சு அது. அதனாலேயே எனக்கு அவன் மேல் சட்டென்று இரக்கம் வந்தது. வந்த உடனே அந்த இரக்கத்தின் மேல் பயமும் வந்தது.

"போன எடுக்கலன்னா நான் இன்னான்னு நெனைக்கறது? உங்கம்மாகிட்ட வீட்ட கேட்டுகினு ஓடியாந்தேன்," என்றான் நித்யாவிடம். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். தளத்தில் என் போட்டோவைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. "நீங்கதானே ரைட்டர்? நான் உங்க கதை அறுபது எபியும் படிச்சிட்டேன்க்கா."

நித்யா நிமிர்ந்தாள். "நீங்களா? எப்போ?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உனக்கு இன்னா புடிக்கும்னு கேட்டேன். இந்தக் கதைன்ன. அன்னிலேர்ந்து படிக்கறேன். எனக்கு வேகமால்லாம் படிக்க வராது. ஒரு எபிக்கு ஒரு நாளு கூட ஆவும்." என் பக்கம் திரும்பினான். "அவன மாதிரி இருந்தா புடிக்கும்னு பாத்தேன்க்கா. எங்கிட்ட மேகம் இல்ல. அதான் லொகேஷன் கேட்டேன்."

எஸ்தர் சிரித்துவிட்டாள். உஷாவும் சிரித்தாள். கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்தது. நித்யா மட்டும் சிரிக்கவில்லை.

"கடை முன்னாடி கையக் கட்டிக்கினு நின்னது?"

"பதினெட்டாவது எபி."

"மூச்சு விட்டாக்கூட?"

"அது பன்னெண்டு."

"வேலைய விடச் சொன்னது?"

"அது..." என்று யோசித்தான். "அது நானா சொன்னது."

"எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சுன்னு தெரியுமா? நீங்க எல்லாரும் சிரிக்கறீங்க," என்றாள் நித்யா. சிரிப்பு அப்படியே அடங்கியது.

பிரபு ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க எழுதுனதுதானே? அவன் செஞ்சா எல்லாரும் ஹார்ட்டு போடறீங்க. நானும் அதையேதானே செஞ்சேன்? இவளுக்கு ஏன் புடிக்கல?"

இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். யார் வாயிலிருந்தாவது வரும். அப்போது இரண்டு பதில்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஒன்று, அது வெறும் கதைப்பா, வாழ்க்கை வேறு என்பது. அது பொய். வெறும் கதைக்காக எந்தப் பெண்ணும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்க மாட்டாள். இன்னொன்று, பாவம் இந்தப் பையன் உனக்காகப் படித்திருக்கிறான், மன்னித்துவிடு என்பது. அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருந்தது. சொன்னால் எல்லாரும் பொரி தின்றுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பயந்தது அவள். அந்தப் பயத்துக்கு நான் எப்படிச் சமாதானம் எழுதிக் கொடுக்க முடியும்? அவன் நல்லவன் என்று பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட நான் யார்?

அதனால் தெரியாது என்று சொன்னேன். "எனக்குத் தெரியலப்பா. நித்யா, நீயே சொல்லும்மா. அவன்கிட்ட உனக்கு எது புடிச்சுது?"

"முள்ளு வர்ற எபி," என்றாள்.

அந்த எபி எனக்கே மறந்திருந்தது. நாயகி காலில் முள் குத்தியதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து நடப்பாள். சபையில் மந்திரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற முகிலாதித்தன், வெளியே கேட்கிற அவள் நடைச் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்து எழுந்து வருவான். அன்றைக்கு எபிக்கு நீளம் பற்றவில்லை என்று அவசரமாகச் சேர்த்த காட்சி அது. மேகமே அதில் வராது.

"அவன் அவளப் பாக்கறான்," என்றாள் நித்யா. "நீங்க என் போனத்தான் பாக்கறீங்க. போன வாரம் கண்ணாடி மாத்தினேன். இப்போ கூட எதிர்லதானே நிக்கறீங்க. தெரிஞ்சுதா?"

பிரபு அவள் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தான். பழுப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடி.

"அப்புறம் இன்னொன்னு. மேகம் வேணாம்னு அவ ஒரு வார்த்த சொன்னா, அவன் எடுத்துடுவான்."

"அது எந்த எபி?" என்றான் பிரபு. கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான். "நான் அறுபதும் படிச்சேன். அது வரவே இல்லையே."

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எழுதலையாக்கா?"

"இல்லம்மா. எழுதல."

"எடுத்துடுவான்னு நெனச்சுகினுதான் நான் படிச்சேன்," என்றாள்.

"நானுந்தான்," என்றாள் எஸ்தர்.

"அட, நானுந்தான்," என்றாள் உஷா. "இல்லன்னா அவன் என்ன ஹீரோ?"

தங்கைகளே, தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். நான் எழுதாத ஒரு எபியை அந்தப் பெண்கள் எல்லாரும் படித்திருந்தார்கள். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் மற்ற அறுபதையும் பயமில்லாமல் ரசித்தார்கள். அவன் எவ்வளவு உறுமினாலும் கயிறு அவள் கையில்தான் இருக்கிறது என்று அவர்களே முடிவுகட்டியிருந்தார்கள். பிரபு புது வாசகன். எழுதியதை எழுதியபடி படித்தான். எழுதாததைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் போல இன்னும் எத்தனை பேர் நம் கதைகளைப் படிக்கிறார்களோ, எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

அதற்காகப் பொசசிவ் ஹீரோவே எழுதாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஊருக்காகக் கவலைப்பட்டு வருகிற பெண்ணுக்கு, அவளுக்காகத் தவிக்கிற ஒருத்தனைப் பஸ்ஸில் பத்து நிமிஷமாவது கொடுக்கிறோம். அது சின்ன காரியம் இல்லை. ஆனால் அவர்கள் நம்பிப் படிக்கிற அந்த ஒரு எபியை அவர்கள் தலையில் விட்டுவிடாதீர்கள். நீங்களே எழுதுங்கள். நான் மறுநாளே எழுதினேன். வேண்டாம் என்கிறாள். மேகத்தை எடுத்துவிடுகிறான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அவன் முற்றத்தில் நிற்பதோடு எபி முடிகிறது. கமென்டில் பாதிப் பேர் ஹீரோவை டம்மி ஆக்கிவிட்டேன் என்று திட்டினார்கள். இன்னொரு பாதி அழுததாக எழுதினார்கள். நான் எழுதியதிலேயே கஷ்டமான எபி அது. சும்மா நிற்கிறவனை எழுதுவதுபோல் கஷ்டம் வேறில்லை.

ஹாலுக்கு வருகிறேன். பிரபு போனை எடுத்து நித்யா பார்க்கிற மாதிரி ஏதோ அழுத்தினான். "லொகேஷன் ரிக்வெஸ்ட எடுத்துட்டேன். இனிமே கேக்கல."

"வாயில சொல்லிட்டா ஆயிடுச்சா?" என்றார் கன்னியம்மா.

நித்யா எழுந்து நின்றாள். "நீங்க இப்போ கீழ போங்க. மீட்டிங் முடிஞ்சதும் நானே வரேன். எப்போன்னு கேக்காதீங்க. போன் பண்ணாதீங்க. வந்து பெல் அடிக்காதீங்க."

அவன் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான், யாராவது பரிந்து பேசுவார்களா என்று. "சரி," என்றான். கதவு வரைக்கும் போனவனை கன்னியம்மா கூப்பிட்டார். டப்பாவிலிருந்து இரண்டு துண்டு மீனைத் தாளில் சுருட்டிக் கையில் திணித்தார். "இந்தா. இதுக்காக நான் உன் பக்கம்னு நெனச்சுக்காத. வெயில்ல நிக்காத, ஓரமா போய் குந்து."

அவன் போன பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. நாயகிக்கு மழைநாட்டு இளவரசிப் பட்டம் கட்டுவார்களா, எப்போது, என்றெல்லாம் கேட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பால்கனிக்குப் போனேன். எதிரே டீக்கடை. பிரபு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போனை எடுத்தான், பார்த்தான், சட்டைப் பையில் வைத்தான். திரும்ப எடுத்தான். மேலே மாடியைப் பார்த்தான். நான் துணி காய்கிற கொடிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வியாதி, அதனால் அவன் படுகிற பாடு எனக்குப் புரிந்தது. தோற்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது எழுந்து போய் டீ மாஸ்டரிடம் போனைக் கொடுத்து, பிஸ்கட் பாட்டில் வரிசைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். மாஸ்டர் ஒன்றும் புரியாமல் வாங்கி மேலே வைத்தார். பிரபு பெஞ்சுக்குத் திரும்பி, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன் மாதிரி முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. நித்யா வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"லூசு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தை என்னால் எந்த எபியிலும் எழுத முடிந்ததில்லை. கோபம் போகவில்லை. பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அவள் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு தன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் இல்லை என்றாலும் அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, நாளைக்கு கார்டு பிரின்டுக்குக் குடுக்காத... இல்ல, கேளு... இல்லம்மா, வேணாம்னு சொல்லல. கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்றேன்... மண்டபக்காரருக்கு நானே பேசறேன்... வேலையா? வேலைய விடல, யாரு சொன்னா?... அவரா? அவரு இங்கதான், கீழ டீக்கடைல கீறாரு. மீன் துன்னுகினு கீறாரு... ஆமா, மீன்தான். வந்து சொல்றேன், வை."